15 சனிக்கிழமைகள்: மிட்வெஸ்ட் கோடையை நண்பர்களோடு கழிக்க ஒரு முழு வழிகாட்டி

நான் இருப்பது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரத்தில். ஜனவரியில் இங்குள்ள மெண்டோட்டா ஏரி உறைந்து பாறையாகக் கிடக்கும். அதன் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஐஸில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோதான் தண்ணீர் கண்ணில் படும். மே மாதத்திலும் ஸ்வெட்டரை எடுத்து உள்ளே வைக்க மனசு வராது. அப்புறம்தான் கோடை.

அது எத்தனை நாள் என்பதற்கு இங்கே ஒரு கணக்கு உண்டு. மே மாதத்தின் கடைசித் திங்கள் மெமோரியல் டே, செப்டம்பரின் முதல் திங்கள் லேபர் டே. அந்த இரண்டு நீண்ட வாரயிறுதிகளையும் சேர்த்து எண்ணினால் பெரும்பாலான வருடங்களில் 15 சனிக்கிழமைதான் தேறும். சென்னையில் வளர்ந்த எனக்குக் கோடை என்பது திரைச்சீலையை இழுத்துவிட்டு மாலை ஐந்து மணி வரை காத்திருக்கும் பருவம். இங்கே அந்தப் பழக்கத்தோடு இருந்தால் 15 சனிக்கிழமையும் கையைவிட்டுப் போய்விடும். முதல் வருடம் எனக்கு அப்படித்தான் போனது. யெல்லோஸ்டோனுக்கு ஒரு பெரிய பயணம் என்று திட்டம் போட்டுக்கொண்டே இருந்தோம். அதுவும் நடக்கவில்லை, பக்கத்து ஏரியில் கால் நனைக்கவும் இல்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் பெரிய பயணங்கள் கிடையாது. ஒரு நாளில் போய்வரக்கூடியவை, மிஞ்சினால் ஓர் இரவு தங்கக்கூடியவை மட்டும். மிட்வெஸ்ட் என்பது அமெரிக்காவின் வடக்கு நடுப்பகுதியில் இருக்கும் 12 மாநிலம். நான் எழுதுவது விஸ்கான்சின் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். சிகாகோவும் மிச்சிகன் கரையும் நடுநடுவே வரும்.

படி 1: காலண்டரைப் பழங்களை வைத்துப் பிரியுங்கள்

ஏப்ரலிலேயே உட்கார்ந்து 15 சனிக்கிழமைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். பண்டிகைகளை வைத்துத் திட்டமிட வேண்டாம். ஜூலை 4 வாரத்தில் பாதி ஊர் 'அப் நார்த்' போய்விடும். வடக்கே காட்டுக்குள் ஏரிக்கரையில் யாருக்காவது ஒரு மரவீடு இருக்கும். அங்கே போவதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் அது. அந்த வாரம் யாரும் கையில் சிக்கமாட்டார்கள்.

பழங்களை வைத்துத் திட்டமிட்டால் தாள் தானாகவே நிரம்பும். ஜூன் பாதியில் ஸ்ட்ராபெரி. தோட்டத்துக்குப் போய் நாமே பறித்து எடை போட்டு வாங்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும், தள்ளிப்போட முடியாது. ஜூலை பாதிக்கு மேல் புளிப்புச் செர்ரி. அமெரிக்காவில் விளையும் புளிப்புச் செர்ரியில் பெரும்பங்கு மிச்சிகனுடையது, முக்கியமாக டிராவர்ஸ் சிட்டி சுற்றுவட்டாரம். விஸ்கான்சினில் டோர் கவுண்டி. ஜூலை, ஆகஸ்டில் புளூபெரிக்கு மிச்சிகனின் சவுத் ஹேவன். ஜூலை கடைசியிலிருந்து இனிப்புச் சோளம். ஆகஸ்டில் தக்காளி. அதோடு மாநிலக் கண்காட்சிகளும் வந்துவிடும்: மினசோட்டாவின் கண்காட்சி 12 நாள் நடந்து லேபர் டே அன்று முடியும். அயோவா கண்காட்சியில் 1911 முதல் வெண்ணெயிலேயே முழு உருவப் பசு செய்து கண்ணாடி அறைக்குள் நிறுத்துகிறார்கள். போனால் பார்க்காமல் வராதீர்கள்.

மூன்று சனிக்கிழமைகளை வெறுமையாக விடுங்கள். மழை கட்டாயம் எடுத்துக்கொள்ளும்.

வாரநாள் மாலைகளையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். ஜூன் கடைசியில் மேடிசனில் சூரியன் மறைய 8:40 ஆகிவிடும். மிச்சிகன் மாநிலத்தின் மேற்குக் கரையில் 9:30 வரைக்கும் வெளிச்சம் இருக்கும், ஏனென்றால் அந்தக் கரை கிழக்கு நேர மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஐந்து மணிக்கு வேலை முடிந்தால் இன்னொரு அரை நாள் கையில் இருக்கிறது என்று அர்த்தம். மேடிசனில் தலைமைச் செயலகக் கட்டடத்தின் புல்வெளியில் கோடை மாலைகளில் இலவசக் கச்சேரி நடக்கும்; ஜமுக்காளமும் சாப்பாட்டுப் பாத்திரமும் எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருவார்கள். சிகாகோவில் மில்லினியம் பார்க்கிலும் அதே மாதிரி.

கூடாரம் போட ஆசை இருந்தால் மட்டும் முன்பதிவு அவசரம். விஸ்கான்சின் மாநிலப் பூங்காக்களில் 11 மாதம் முன்பாகவே இடம் பிடிக்கலாம். பிடிக்கவும் செய்கிறார்கள்.

படி 2: ஆட்களைச் சேருங்கள், வேலையைப் பிரியுங்கள்

ஆறிலிருந்து எட்டுப் பேர் நல்ல எண்ணிக்கை. இரண்டு காரில் அடங்கும், ஒரு மேசையில் உட்காரலாம். அதற்கு மேல் போனால் வாட்ஸாப் குழுவில் விவாதம் முடிவதற்குள் கோடை முடிந்துவிடும்.

இங்கே அழைப்பிலேயே 'எ டிஷ் டு பாஸ்' கொண்டு வாருங்கள் என்று இருக்கும். ஒரு பாத்திரத்தில் எல்லோருக்கும் பகிரும்படி ஏதாவது சமைத்துக்கொண்டு வா என்று பொருள். வெறுங்கையோடு போனால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள். உருளைக்கிழங்கு சாலட், ஜெல்லி சாலட், சதுரமாக வெட்டிய இனிப்பு 'பார்' எல்லாம் எப்படியும் வந்துவிடும். நீங்கள் தயிர்சாதம் கொண்டு போங்கள். வெயில் நாளில் ஜில்லென்ற தயிர்சாதத்துக்கு நிகரில்லை. ஆனால் பாத்திரத்தின் மேல் என்னவென்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். நான் ஒட்டாமல் விட்டதால் ஒருவர் அதை இனிப்பு அரிசிப் புட்டிங் என்று நினைத்து, பெரிய கரண்டியாக வாயில் போட்டு, மோர் மிளகாயைக் கடித்துவிட்டார். நல்ல மனிதர், "இன்ட்ரஸ்டிங்" என்றார். மிட்வெஸ்டில் அந்தச் சொல்லுக்கு 'இனி வேண்டாம்' என்று அர்த்தம் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

ஐஸ், கரி, தண்ணீர், குப்பைப் பை ஆகிய நான்கையும் நான்கு பேர் பெயரில் எழுதிவிடுங்கள். 'யாராவது கொண்டுவருவார்கள்' என்று விட்டால் ஐந்து பொட்டலம் சிப்ஸ் வரும், ஐஸ் வராது. ஐஸுக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு என்பது என் கணக்கு. 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் நாள் என்றால் இரு மடங்கு.

படி 3: காலையில் சந்தைக்குப் போங்கள்

மேடிசனின் டேன் கவுண்டி விவசாயிகள் சந்தை 1972-ல் தொடங்கியது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சனிக்கிழமை காலைகளில், தலைமைச் செயலகத்தைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களிலும் கடை போடுகிறார்கள். விற்பவர் தானே விளைவித்ததைத்தான் விற்க வேண்டும், வாங்கி விற்கக் கூடாது. கூட்டம் முழுவதும், கோயில் பிராகாரத்தை அப்பிரதட்சிணமாகச் சுற்றுவதுபோல, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் நகரும். பழக்கதோஷத்தில் பிரதட்சிணமாகக் கிளம்பினால் ஊரே எதிரே வரும். எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.

முதலில் வாங்க வேண்டியது சீஸ் கர்ட். செடார் சீஸை அச்சில் போட்டு அழுத்துவதற்கு முன்னால் எடுக்கும் சின்னச் சின்னத் துண்டுகள் இவை. அன்றைக்குச் செய்தது என்றால் கடிக்கும்போது பல்லில் கீச்சென்று சத்தம் போடும். உள்ளே இருக்கும் புரதமும் கால்சியமும் பின்னிய வலை இறுக்கமாக இருக்கும்வரைதான் அந்தச் சத்தம். ஓரிரு நாளில் வலை தளர்ந்து கர்ட் ஊமையாகிவிடும். அப்போது மைக்ரோவேவில் சில நொடிகள் வைத்தால் கொஞ்சம் குரல் திரும்பும். வாங்கியதைக் காரிலேயே பிரித்துத் தின்றுவிடுவதுதான் முறை. சைவர்கள், பாலைத் திரையவைக்கச் சேர்க்கும் ரெனட் எதிலிருந்து எடுத்தது என்று கடைக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். நுண்ணுயிரியிலிருந்து எடுத்த ரெனட் போடுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். மதுக்கடைகளில் இதே கர்ட்டை பியர் கலந்த மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள். சீஸ் பஜ்ஜிதான், வேறென்ன.

அடுத்தது சோளம். தோலை உரித்துப் பார்க்காதீர்கள், விற்பவர் முறைப்பார். உரித்ததும் முத்துகள் காயத் தொடங்கிவிடும். வெளித்தோல் பச்சையாக இறுக்கமாக இருக்கிறதா, நுனிக் குஞ்சம் பழுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கிறதா, தோலின் மேலேயே விரலால் அழுத்தினால் நுனிவரை முத்து தட்டுப்படுகிறதா. இந்த மூன்று போதும். பறித்த நேரத்திலிருந்து சர்க்கரை மாவாக மாறிக்கொண்டே வரும். புதிய ரகங்கள் சில நாள் தாங்குகின்றன என்றாலும், காலையில் வாங்கி அன்றைக்கே சுட்டுத் தின்பதற்கு ஈடு கிடையாது.

மூன்றாவது, நமக்கென்றே ஒரு மூலை. வியட்நாம் போருக்குப் பிறகு லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மங் மக்கள் விஸ்கான்சினிலும் மினசோட்டாவிலும் பெரிய எண்ணிக்கையில் இருக்கிறார்கள். இந்தச் சந்தைகளில் காய்கறி விற்பவர்களில் நிறையப் பேர் அவர்கள். பாகற்காய், காரமான பச்சைமிளகாய், கொத்துக் கொத்தாகக் கொத்தமல்லி, எலுமிச்சைப்புல் எல்லாம் அவர்களிடம் கிடைக்கும். முதல் தடவை அந்தப் பாகற்காயைப் பார்த்து நான் நின்ற நிற்பைக் கண்டு அந்தப் பாட்டி சிரித்தார். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான பேச்சுமொழி ஒன்றுமில்லை; விரலால் விலை காட்டினார், வாங்கிவந்தேன்.

படி 4: கரி அடுப்பு

இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் மூன்று காலில் நிற்கும் கறுப்பு உருண்டை அடுப்பைப் பார்த்திருப்பீர்கள். 1952-ல் சிகாகோ பக்கம் வெபர் பிரதர்ஸ் உலோகத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் உருவாக்கியது அது. அந்தத் தொழிற்சாலை ஏரியில் மிதக்கவிடும் மிதவைகளைச் செய்துகொண்டிருந்தது. அவர் அந்த உருண்டையைப் பாதியாக வெட்டி, கீழ்ப்பாதிக்குக் கால், மேல்பாதிக்குக் கைப்பிடி வைத்தார். மூடி வந்ததால் காற்றும் மழையும் தொல்லை செய்வது நின்றது.

கரியைப் பற்றவைக்க எண்ணெய் ஊற்றாதீர்கள், அந்த வாடை சாப்பாட்டில் இறங்கும். தகரத்தில் புகைபோக்கி மாதிரி ஒரு குழாய் விற்கிறார்கள். மேலே கரி, கீழே இரண்டு தாள் செய்தித்தாள், ஒரு தீக்குச்சி. 15 முதல் 20 நிமிடத்தில் மேல் கரியில் சாம்பல் பூக்கும். அப்போது அடுப்பில் கொட்டுங்கள், முழுவதும் பரப்பாமல் ஒரு பக்கமாக மட்டும். இப்போது ஒரு பாதி கடும் சூடு, மறுபாதி மிதச் சூடு. இந்த ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டால் பாதிச் சமையல் முடிந்தது. பரப்பிவிட்டால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும்; அந்தத் தவறை எல்லோரும் ஒரு தடவை செய்வோம்.

கரி பிடிக்கும் அந்த 20 நிமிடத்துக்குத்தான் சோளமணி மூட்டை எறியும் விளையாட்டு. வெளியூரில் கார்ன்ஹோல், சிகாகோவில் வெறும் 'பேக்ஸ்'. சாய்வான பலகையில் ஓட்டை. 27 அடி தள்ளி நின்று துணிமூட்டையை எறிய வேண்டும். ஓட்டைக்குள் விழுந்தால் 3, பலகையில் தங்கினால் 1, 21 வந்தால் ஆட்டம் முடிந்தது. நம்மூர் சில்லு விளையாடிய கைக்கு சீக்கிரம் பழகும்.

சரி, சமையலுக்கு வருவோம். விஸ்கான்சினில் கோடை என்றால் பிராட்வர்ஸ்ட், சுருக்கமாக பிராட். ஜெர்மானியர் கொண்டுவந்த பன்றி இறைச்சி சாசேஜ்; சிலவற்றில் மாட்டிறைச்சியோ கன்றிறைச்சியோ கலந்திருக்கும், விருந்தினர்களைக் கேட்டு வாங்குங்கள். இதற்குத் தலைநகரம் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் ஷெபாய்கன். அங்கே கரியில் பிராட் சுடுவதை 'ஃபிரை அவுட்' என்பார்கள். பொரிப்பதே கிடையாது, பெயர் மட்டும் அப்படி.

செய்முறை இதுதான். பிராட்டைக் குத்தாதீர்கள், சாறு ஒழுகித் தீ கிளம்பும். மிதச் சூட்டுப் பக்கம் வைத்து மூடி, நடுவில் திருப்பி, 15 முதல் 20 நிமிடம். கடைசியில் கடும் சூட்டுப் பக்கம் உருட்டி நிறம் ஏற்றுங்கள். உள்ளே 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். ஒரு சின்ன வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், யூகம் வேண்டாம். பக்கத்திலேயே ஒரு அலுமினியத் தட்டில் பியர், நறுக்கிய வெங்காயம், வெண்ணெய் போட்டுச் சூடாக வைத்தால், சுட்டதை அதில் போட்டுத் தாமதமாக வருபவர்களுக்கு வைத்திருக்கலாம். முதலில் பியரில் வேகவைத்துப் பிறகு சுடுவதா, சுட்டபிறகு பியரில் போடுவதா என்று இங்கே குடும்பங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. நான் இரண்டாவது கட்சி. ரொட்டி மெத்தென்று இருக்கக் கூடாது. மேலே மொறுமொறுவென்று இருக்கும் 'செம்மல்' என்ற ஜெர்மானிய ரொட்டி வேண்டும். அதன் மேல் பழுப்புக் கடுகு சாஸ், வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி.

சிகாகோ நண்பர்கள் வந்தால் ஹாட் டாக் கேட்பார்கள். அது முழுக்க மாட்டிறைச்சி. கசகசா தூவிய ரொட்டியில் மஞ்சள் கடுகு சாஸ், பளீர்ப் பச்சை ரெலிஷ், வெங்காயம், தக்காளி, நீள ஊறுகாய், சின்ன ஊறுகாய் மிளகாய், செலரி உப்பு என்று தோட்டத்தையே ஏற்றுவார்கள். கெட்சப் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

சைவச் சாப்பாட்டை முதலில் சுடுங்கள். தட்டி சுத்தமாக இருக்கும்போதே முடித்துவிட்டால் யாருக்கும் மனச்சங்கடம் இல்லை. இடுக்கியும் தனியாக இரண்டு வேண்டும். பனீர், குடைமிளகாய், காளான் எல்லோரும் செய்வதுதான். நான் சொல்வது கத்தரிக்காய். பெரிய கத்தரிக்காயை அப்படியே கரிமேல் போட்டுத் தோல் கருகும்வரை சுட்டு, உரித்து, மசித்து, புளிக்கரைசல், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்தால் சுட்ட கத்தரிக்காய் கொத்சு. பாட்டியின் விறகடுப்புக்குப் பிறகு அந்த வாசனை எனக்கு வெபர் அடுப்பில்தான் கிடைத்தது. சோளத்துக்கு எலுமிச்சை, உப்பு, மிளகாய்த்தூள், மெரினாவில் போல. சிகாகோவின் மெக்சிகோ வண்டிக்காரர்கள் இதே சோளத்தில் மயோனைஸும் உதிர்த்த கொதீஹா சீஸும் மிளகாய்த்தூளும் போட்டு 'எலோத்தே' என்று தருவார்கள். இரண்டையும் செய்து வாக்கெடுப்பு வையுங்கள். எங்கள் கூட்டத்தில் மெரினா இன்னும் தோற்றதில்லை, வாக்காளர்களில் பாதிப் பேர் தமிழர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சமைத்த எதையும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம்தான். தயிர்சாதத்துக்கும் இது பொருந்தும்.

படி 5: குடிக்க

குடிப்பவர்களுக்கு விஸ்கான்சினின் அடையாளம் பிராந்தி ஓல்டு ஃபேஷண்டு. மற்ற ஊர்களில் அது விஸ்கியில் செய்வது, இங்கே மட்டும் பிராந்தி. கண்ணாடிக் குவளையில் ஒரு சர்க்கரைக் கட்டி, இரண்டு மூன்று சொட்டு பிட்டர்ஸ் என்ற கசப்பு மூலிகைச் சாறு, ஒரு ஆரஞ்சுத் துண்டு, ஒரு செர்ரி போட்டு மரக்குச்சியால் நசுக்குங்கள். இரண்டு அவுன்ஸ் பிராந்தி, குவளை நிறைய ஐஸ். மேலே லெமன் சோடா ஊற்றினால் 'ஸ்வீட்', புளிப்பான கிரேப்ஃபுரூட் சோடா ஊற்றினால் 'சவர்', பாதி லெமன் சோடா பாதி வெறும் சோடா என்றால் 'பிரஸ்'. கடைக்காரர் மூன்றில் எது என்று கேட்பார். முழிக்காமல் இருக்கத்தான் இதைச் சொல்கிறேன். நம் நாக்குக்கு பிரஸ் சரியாக இருக்கும்.

பியரில் நியூ கிளாரஸின் ஸ்பாட்டட் கவ் விஸ்கான்சின் எல்லைக்குள் மட்டும்தான் விற்பனை. எல்லை தாண்டி வரும் இல்லினாய்ஸ்காரர்களின் கார் டிக்கியில் திரும்பும்போது அதுதான் இருக்கும்.

குடிக்காதவர்களுக்கு வெறும் கோக் நீட்டுவது அநியாயம். ரூட் பியரில் வனிலா ஐஸ்கிரீம் உருண்டை மிதக்கவிட்டால் ஃபுளோட். பெயரில் பியர் இருந்தாலும் அதில் மது கிடையாது. டெட்ராய்ட்டின் வெர்னர்ஸ் இஞ்சிச் சோடாவில் அதே ஐஸ்கிரீமைப் போட்டு அடித்தால் 'பாஸ்டன் கூலர்', பாஸ்டனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிகாகோவில் இந்தியக் கடைகள் நிறைந்த டெவான் அவென்யூ போனால் நன்னாரி சர்பத் புட்டி வாங்கிவந்து வையுங்கள். ரூட் பியரும் வேர்களின் வாசனையில் பிறந்ததுதான் என்பதால், அமெரிக்க நண்பர்கள் நன்னாரியை ஒரே வாயில் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். பெரிய ஜாடியில் நீர்மோரும் இருக்கட்டும்.

மது அருந்த 21 வயது. தலைநரைத்தவரிடமும் அடையாள அட்டை கேட்பார்கள். பூங்காவில் மதுவுக்கு அனுமதி உண்டா என்பது ஊருக்கு ஊர் மாறும். சிகாகோவின் ஏரிக்கரை மணலில் கூடாது. மில்வாக்கியின் எஸ்டாபுரூக் பூங்காவுக்குள் பியர் தோட்டமே நடக்கிறது, சாப்பாடு நாமே கொண்டுபோகலாம். காரோட்டுபவர் யார் என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள், திரும்பும்போது அல்ல.

படி 6: வெளியே போக நான்கு இடங்கள்

டெவில்ஸ் லேக். மேடிசனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். ஏரியின் இரண்டு பக்கமும் 500 அடி உயரத்துக்கு ஊதாச் சாயல் குவார்ட்சைட் பாறைகள். படிகள் செங்குத்து, செருப்போடு ஏறாதீர்கள். சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பிறகு போனால் வண்டி நிறுத்தவே நேரம் சரியாகப் போகும்.

மிச்சிகன் ஏரி. இதைக் கடல் என்று நினைத்துக்கொண்டு அணுகினால் பிழைப்பீர்கள். உப்பு இல்லை, சுறா இல்லை, ஆனால் இழுப்பு உண்டு. கல்லணை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தின் அருகே நீந்தாதீர்கள். இழுவை நீரோட்டத்தில் மாட்டினால் எதிர்த்து நீந்தாமல் மல்லாந்து மிதந்து, இழுப்பு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அதைக் குறுக்கே கடந்து கரைக்கு வர வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம். இன்னொரு விஷயம்: விஸ்கான்சின் கரையில் ஆகஸ்டிலும் தண்ணீர் திடீரென்று உறையவைக்கும். தென்மேற்குக் காற்று மேலே இருக்கும் சூடான நீரைக் கிழக்கே தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. தள்ளப்பட்ட சூடான நீர் போய்ச் சேர்வது மிச்சிகன் மாநிலக் கரையில். குளிக்க ஆசையிருந்தால் அந்தப் பக்கம் போங்கள். சிகாகோவில் கார் இல்லாதவர்களுக்கு சவுத் ஷோர் ரயில் இருக்கிறது. 2019-ல் தேசியப் பூங்காவான இண்டியானா டியூன்ஸில் இறங்கி மணல்மேடு ஏறலாம்.

எதிர்க்கரைக்குப் போக எனக்குப் பிடித்த வழி எஸ்.எஸ். பேட்ஜர் கப்பல். விஸ்கான்சினின் மேனிட்டோவாக்கிலிருந்து மிச்சிகனின் லடிங்டனுக்கு 60 மைல், நான்கு மணி நேரம். 1953 முதல் ஓடுகிறது, இன்றைக்கும் நிலக்கரியில். முதலில் ரயில் பெட்டிகளையே ஏற்றிக்கொண்டு போனது, இப்போது கார்கள். நடு ஏரியில் இரண்டு கரையும் தெரியாது. மேல்தளத்தில் புளியோதரை பொட்டலத்தைப் பிரிப்பதற்கு அதுதான் இடம். இறங்கியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவையுங்கள்.

டோர் கவுண்டி. விஸ்கான்சினிலிருந்து மிச்சிகன் ஏரிக்குள் விரல்போல நீண்ட நிலம். ஓர் இரவு தங்குங்கள், மாலையில் 'ஃபிஷ் பாயில்' பாருங்கள். திறந்தவெளியில் விறகு மூட்டி, பெரிய கொப்பரையில் உப்புத் தண்ணீர் கொதிக்க, உருளைக்கிழங்கு, வெங்காயம், கடைசியில் ஏரியில் பிடித்த வெள்ளைமீன் துண்டங்கள். மீனெண்ணெய் மேலே மிதக்கத் தொடங்கியதும் சமைப்பவர் நெருப்பில் மண்ணெண்ணெயை வீசுவார். தீ ஆளுயரத்துக்கு மேல் எழும்பும், கொப்பரை பொங்கி வழிந்து எண்ணெயும் நுரையும் வெளியே போகும், வழிந்த தண்ணீரே தீயைத் தணித்துவிடும். பொங்கலோ பொங்கல் என்று எங்கள் கூட்டத்தில் யாராவது கத்தாமல் இருந்ததில்லை. மீன் உருக்கிய வெண்ணெயோடு வரும், காரம் துளியும் இருக்காது. பையில் மிளகுத்தூள் வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் செர்ரி வைத்துச் சுட்ட இனிப்பு 'பை'. வேளை குறித்துத்தான் சமைப்பார்கள், முன்பதிவு அவசியம்.

ரவீனியா. சிகாகோவுக்கு வடக்கே ஹைலண்ட் பார்க்கில் 1904-ல் தொடங்கிய திறந்தவெளி இசை அரங்கு. புல்வெளிச் சீட்டு வாங்கினால் சாப்பாடும் பானமும் நாமே கொண்டுபோகலாம். குட்டை மேசை, மேசைவிரிப்பு, மெழுகுவத்தி என்று வந்து இறங்குவார்கள். மெட்ரா ரயில் வாசலிலேயே நிற்கும். மேடை கண்ணுக்குத் தெரியாது, அதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படுவதும் இல்லை.

படி 7: கொசு, உண்ணி, இடி

டீட் கலந்த கொசுவிரட்டி மருந்தைப் பூசுங்கள், சன்ஸ்கிரீனுக்கு மேல். காட்டுப்பாதையில் நடந்துவந்தால் அன்றிரவே முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடித்துக்கொண்டிருந்தால் சின்ன இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். இங்குள்ள கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும், சீக்கிரம் எடுத்துவிட்டால் ஆபத்து குறைவு.

வானிலை எச்சரிக்கையில் 'டொர்னாடோ வாட்ச்' என்றால் சுழற்காற்று வரக்கூடிய சூழல், கண் வைத்திருங்கள். 'வார்னிங்' என்றால் கண்ணிலோ ரேடாரிலோ பட்டுவிட்டது, நிலவறைக்கு ஓடுங்கள். இடி கேட்டால் தண்ணீரைவிட்டு வெளியே வந்து, கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் காத்திருங்கள். அந்த 30 நிமிடத்துக்கு ஒரு சீட்டுக்கட்டு பையில் இருக்கட்டும். உள்ளூர்க்காரர்கள் யூக்கர் ஆடுவார்கள், எங்கள் கூட்டம் ரம்மி.

படி 8: கிளம்புவது

இதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் இரண்டு கையாலும் தொடையைத் தட்டி "வெல்ப்" என்று பெருமூச்சு விட வேண்டும். அதற்கு அர்த்தம் கிளம்பலாம் என்பது. கிளம்புவது என்றால் அடுக்களையில் கால்மணி நேரம் பேச்சு, வாசலில் இன்னொரு கால்மணி, கார் கண்ணாடியை இறக்கிவிட்டு இன்னும் கொஞ்சம். 'போயிட்டு வரேன்' சொல்லிவிட்டுத் திண்ணையில் அரைமணி நிற்கும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இதற்குள் மின்மினிகள் புல்லுக்கு மேலே எழும்பியிருக்கும்.

கரி முழுவதும் அணைந்துவிட்டதா பாருங்கள். பொதுப் பூங்கா என்றால் சூடான கரிக்கென்று தனித்தொட்டி இருக்கும், குப்பைப் பையில் கொட்டாதீர்கள். கொண்டுபோன பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரமாட்டார்கள், நாலு பார் துண்டாவது உள்ளே இருக்கும். ஆகஸ்ட் மாதம் என்றால் மட்டும் காரைப் பூட்டிவைக்கவும். தோட்டம் வைத்திருக்கும் எல்லோருக்கும் அப்போது சுக்கினி கட்டுக்கடங்காமல் காய்த்துத் தள்ளும், திறந்திருக்கும் காரில் எல்லாம் வைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் காரின் பின்சீட்டில் போன வாரம் மூன்று கிடந்தன, ஒவ்வொன்றும் முழங்கை நீளம். பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தோம். இன்னும் இரண்டு மிச்சம்.